ஓதிச்சாமியின் சாவுக்கு இரண்டு தரப்பு

கொன்றது நீ இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மறுப்பு வாங்கிப் போட்டுவிடுவாய். கொன்றது சாயப்பட்டறையின் கழிவுத்தொட்டி. அதற்குள் இறங்கச் சொன்னவன் சூப்பர்வைசர். மேலே நின்று கயிற்றைப் பிடித்திருக்க வேண்டியவனை வடை வாங்கிவர அனுப்பியவனும் அவனே. நீ செய்தது வேறு. செத்துப்போன ஒரு மனுசனைச் சாகவிடாமல் செய்தாய். அதற்கு உனக்குக் கத்தி தேவைப்படவில்லை, மந்திரம் தேவைப்படவில்லை, கெட்ட எண்ணம்கூடத் தேவைப்படவில்லை. ஆறாம் பக்கத்து மூலையில், ஒரு பல்லி படுத்தால் மறைந்துபோகும் அளவுக்கு ஒரு செய்தி போதுமானதாக இருந்தது.

அந்த மனுசனின் பெண்டாட்டி மாராத்தாள். வேலாங்காட்டூர் மாட்டுச்சந்தையில் மாராத்தாளைத் தெரியாதவன் மாடு வாங்க வந்தவனாக இருக்க மாட்டான், வேடிக்கை பார்க்க வந்தவனாகத்தான் இருப்பான். சந்தைப்பேட்டையில் சாணி பொறுக்க வந்த பிள்ளை, பொறுக்கிக்கொண்டே மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கக் கற்றுக்கொண்டாள், சுழி பார்க்கக் கற்றுக்கொண்டாள், நொண்டி மாட்டை நனைந்த மணலில் நிறுத்தி நொண்டலை மறைக்கிறவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். தரகு பேசுகிறேன் என்று அவள் முதன்முதலாகத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற நாளில் சந்தையே சிரித்தது. "பொம்பள கையை எவன்டி துண்டுக்குள்ள பிடிப்பான்?" என்றான் ஒருத்தன். "பிடிக்கப் பயமா இருந்தா ஊட்டுக்குப் போயி உங்கொம்மா கையைப் பிடிச்சுட்டு நில்றா" என்றாள் அவள். மாட்டு வியாபாரி காதர் பாய்தான் அன்றைக்கு முன்னால் வந்து, "வாம்மா, வியாபாரத்துக்கு விரல் இருந்தாப் போதும்" என்று துண்டுக்கடியில் கையை நீட்டினார். அன்றிலிருந்து அவள் கை தொடாத மாடு அந்தச் சந்தையில் கைமாறியதில்லை.

அந்தச் சந்தையின் வழக்கம் உனக்குத் தெரியும், இருந்தாலும் மறந்த மாதிரி நடிப்பாய் என்பதால் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் தரகனோடு கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள்; உள்ளே விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு பேச்சு, இரண்டைப் பிடித்தால் ஒரு பேச்சு, மடக்கினால் ஒன்று, விரித்தால் ஒன்று. கடைசியில் ஒருவன் மற்றவனின் கையை விரல் முட்டியோடு சேர்த்து இறுகப் பிடித்துவிட்டான் என்றால் முடிந்தது. அதற்கப்புறம் அப்பன் வந்து சொன்னாலும் மாறாது, ஆண்டவன் வந்து சொன்னாலும் மாறாது. வெளியே வெயிலில் நின்று ஆயிரம் பேர் என்ன கத்தினாலும், துணிக்குக் கீழே இருட்டில் கை எதைத் தொட்டதோ அதுதான் நிஜம். மாராத்தாள் படித்த ஒரே சட்டம் அது.

அவள் எவ்வளவு கத்துவாளோ அவ்வளவு பேசாதவன் ஓதிச்சாமி. சாயப்பட்டறையில் வேலை. நாளுக்கொரு நிறத்தில் கையோடு வீடு திரும்புவான். அடுத்த வருசம் வெளிநாட்டுக்காரன் என்ன கலர் சட்டை போடப்போகிறான் என்பது அந்த ஊரில் ஓதிச்சாமியின் முழங்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "இன்னிக்கு என்ன, மஞ்சளா? எந்தச் சீமையில கல்யாணம்?" என்பாள் மாராத்தாள். அவன் சிரித்துக்கொண்டே அந்தக் கையால் சோற்றைப் பிசைவான்.

கடைசி நாளில் நீலம்.

பட்டறை வேனில் கொண்டுவந்து வாசலில் கயிற்றுக்கட்டிலில் கிடத்தினார்கள். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கேசு, கோர்ட்டுன்னு இழுத்தடிப்பாங்க மாராத்தா, ஊட்டுலயே வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம்" என்று சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றாமல் நின்று சொன்னான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். தாலுகா நிருபர். ஹெல்மெட்டைக் கையில் இடுக்கிக்கொண்டு, கட்டம் போட்ட சட்டையில், முகத்தில் நிஜமான வருத்தத்தோடு வந்தாய்; அதை இல்லையென்று சொல்லவில்லை. குனிந்து, "அக்கா, அண்ணன் இறந்துட்டாருங்களா?" என்று கேட்டாய்.

அவள் பதில் சொல்லவில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான், சந்தைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பெரிய பேச்சை வாய்விட்டுப் பேசக்கூடாது என்பதில் வளர்ந்தவள், உன் வலது கையைப் பிடித்து இழுத்து ஓதிச்சாமியின் கைக்குள் வைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே மூடினாள். உள்ளே நீ எதைத் தொட்டாய் என்று உனக்குத் தெரியும். குளிர்ந்துபோன விரல்களைத் தொட்டாய். மணிக்கட்டைத் தேடினாய், அங்கே எதுவும் அடிக்கவில்லை. "ஆமாங்க அக்கா" என்றாய், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் துண்டுக்குள் கையை விட்டு உன் கையை முட்டியோடு இறுகப் பிடித்தாள். அவளைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. உலகத்துக்குச் சொல்லவேண்டியவன் தொட்டுப் பார்த்துவிட்டான், கை கொடுத்துவிட்டான், இனி வாயால் என்ன பேச்சு. நீ வண்டியை எடுக்கும்போது உன் விரல் ஐந்தும் நீலமாக இருந்தன. வேட்டைக்குப் போன நாய் பாறையில் மூக்கைத் தேய்ப்பதுபோல அதைப் பேண்டில் தேய்த்துக்கொண்டே போனாய்.

மறுநாள் விடிந்ததும் பாடை கட்ட மூங்கில் வந்துவிட்டது. பறை அடிக்கிறவர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எழவுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் எதிரே குருநாதனின் டீக்கடையில் நின்றது. அந்த ஊரில் பேப்பரைக் குருநாதன்தான் சத்தமாக வாசிப்பான். அவன் வாசிக்காத எதுவும் அங்கே நடந்ததாக ஆகாது, கலியாணமானாலும் சரி, கலவரமானாலும் சரி. அன்றைக்கும் ஒரு கையால் பாலை ஆற்றிக்கொண்டே வாசித்தான்: "வேலாங்காட்டூர் சாயப்பட்டறை ஒன்றில் பணிபுரிந்த ஓதிச்சாமி என்பவர் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்தபோது இறந்துவிட்டதாக ஒரு தரப்பினர் தெரிவிக்கின்றனர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நிர்வாகத் தரப்பு மறுத்துள்ளது."

அவன் அடுத்த செய்திக்குப் போவதற்குள் ஓதிச்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

யாரும் அலறவில்லை. பறைக்காரர்களில் மூத்தவன் மட்டும், "ஏனுங்க, அடிக்கறதுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டான். ஊர்ப்பெரியவர் ஒருத்தர் கொஞ்சம் யோசித்து, "மெதுவா அடிங்க" என்றார். அவர்கள் மெதுவாக அடித்தார்கள். ஓதிச்சாமி தன் நீலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு இல்லை, ஆனால் கண் திறந்திருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது, ஆனால் கூப்பிட்டால் திரும்பியது. மாராத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மாரா, நான் என்ன ஆனேன்?" என்று அவன் கேட்டான். ஆயிரம் மாட்டுக்கு வயசு சொன்னவள் அந்த நீலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு ஊர் எதற்கு வேண்டுமானாலும் பழகிக்கொள்ளும். எழவுக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிப்பதா கூடாதா என்று குழம்பி, கடைசியில் முழங்கால்வரை மட்டும் நனைத்துக்கொண்டார்கள். கோயில் பூசாரி தீட்டு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் ஒரு கதவைச் சாத்தி ஒரு கதவைத் திறந்துவைத்தார். சாமி கும்பிட வந்தவர்கள் ஒருக்களித்து நுழைந்தார்கள். மாராத்தாளின் தாலியைப் பற்றிப் பெண்கள் கூடிப் பேசி, காலையில் கட்டிக்கொண்டு சாயங்காலம் கழற்றிவைக்கலாம், இரண்டு பக்கத்துக்கும் குறைவில்லை என்றார்கள். "உங்க புருசனுக்கு அப்படிச் செய்யுங்கடி" என்று அவள் விளக்குமாற்றை எடுத்தாள். சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, பேப்பரையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டு மாதிரியாத்தான் கேக்குது" என்று சொல்லிப் போனார். குழி தோண்டியிருந்த மூக்கன் மூடவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அதை அப்படியே விட்டுவைத்தான். மழை பெய்து அதில் தண்ணீர் நின்றது, தவளை கத்தியது, ஊருக்கு வழி கேட்கிறவர்களிடம் "ஓதிச்சாமி குழிக்கு இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லும் வழக்கம் வந்தது. குருநாதன் அவனுக்கு டம்ளரில் பாதி டீ ஊற்றி வைப்பான், குடிக்க மாட்டான் என்று தெரிந்தே. ஆறிய பிறகு அந்தப் பாதியைத் தானே குடித்துக்கொள்வான்.

ஒரு வாரம் போனதும் பட்டறையின் காலைச் சங்கு ஊதியபோது ஓதிச்சாமி எழுந்து சட்டையை மாட்டினான். இருபது வருசம் அந்தச் சங்குக்கு எழுந்த கால், சாவை விடச் சங்குக்கு அதிகமாகக் கட்டுப்பட்டிருந்தது. மாராத்தாள் வாசலில் கையை விரித்து நின்றாள். "எங்க போறீங்க? உங்களை விழுங்கின எடத்துக்கா?" அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பட்டறையில் அவனை உள்ளே விட்டார்கள். வேலைக்கு வந்திருக்கிறான் பாருங்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் காட்டினார்கள். மாசம் முடிந்து சம்பளத்துக்கு அவள் போய் நின்றபோது, "செத்துப்போனான்னு நீதானம்மா சொல்றே? செத்தவனுக்கு எங்காச்சும் சம்பளம் போடுவாங்களா?" என்று சூப்பர்வைசர் சிரித்தான். வருகைக்கு அவன் உயிரோடிருப்பவன், கூலிக்குச் செத்தவன். நீ எழுதிய இரண்டு தரப்பும் பட்டறையின் ஒரே பையில் போய் விழுந்தன.

அவள் உன்னைத் தேடி வந்தாள். செல்போன் கடைக்கு மேல்மாடியில் உன் அலுவலகம், ஏறுகிற படியெல்லாம் பழைய பேப்பர் கட்டு. நீ எழுந்து நாற்காலி போட்டாய். மரியாதையில் நீ ஒருநாளும் குறைவைத்ததில்லை.

"உக்காருங்க அக்கா. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணியை விடு. நீ தொட்டியா இல்லையா?"

"அக்கா…"

"துண்டுக்குள்ள கைய விட்டு, என்ற புருசன் கையைத் தொட்டியா இல்லையா?"

"தொட்டனுங்க."

"செத்திருந்தானா?"

நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாய். "செத்திருந்தாருங்க. ஆனா அக்கா, நான் தொட்டது, நான் பார்த்ததெல்லாம் என்னோட சொந்தக் கருத்தாயிருமுங்க. செய்தியில என் கருத்து வரக்கூடாது. ரெண்டு தரப்பு சொல்றதையும் அப்படியே போடறதுதான் நடுநிலை. நான் பொய்யா ஏதாச்சும் எழுதியிருக்கனா, நீங்களே சொல்லுங்க."

"பொய் எழுதியிருந்தா உன்ற சட்டையைப் பிடிச்சு இழுத்து ரோட்டுல விட்டிருப்பனே. பொய்யைப் பிடிக்க எனக்குத் தெரியும், அதுலதான் நான் சோறு திங்கறேன். ஏப்பா, மாட்டு வாயைப் பொளந்து பல்லைத் தொட்டுப் பார்த்துட்டு, மாட்டுக்குப் பல்லு இருக்கறதா ஒரு தரப்பு சொல்லுதுன்னா சொல்லுவ?"

அவள் மேசைமேல் கிடந்த பழைய பேப்பரை இழுத்து, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் என்றாலும் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். பட்டறைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்த செய்தி அது. தாராள மனம் கொண்ட உரிமையாளர் என்று எழுதியிருந்தாய். மாணவர்கள் நெஞ்சம் நெகிழ்ந்தனர் என்று எழுதியிருந்தாய். விழா இனிதே நடந்தேறியது என்று எழுதியிருந்தாய்.

"இந்தத் தாராள மனசை நீ எங்க தொட்டுப் பார்த்த? தாராளம் இல்லைன்னு சொல்ற தரப்பை எங்க போட்ட? அவனுக்குன்னா உனக்குக் கருத்து ஊத்தாட்டம் பொங்குது, என்ற புருசனுக்குன்னா வத்திப்போவுதா?"

"அது வந்து… அது வழக்கமா எழுதறதுங்க அக்கா."

அப்போதுதான் அவள் கவனித்தாள், வந்ததிலிருந்து நீ வலது கையை மறைத்தே வைத்திருந்தாய், இப்போது மேசைக்கடியில். இடது கையால் நாற்காலி போட்டாய், இடது கையால் கதவைச் சாத்தினாய். அவள் எட்டிப் பிடித்து வெளியே இழுத்தாள். நீலம் அப்படியே இருந்தது. நகக்கண்ணில், ரேகையில், மோதிரத்துக்கு அடியில். "என்னென்னமோ போட்டுத் தேச்சுப் பார்த்துட்டனுங்க, போகமாட்டேங்குது" என்றாய், குழந்தை மாதிரி. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு உன்மேல் இரக்கம்கூட வந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது சரி, உனக்கு வந்த இரக்கத்தை நீ எந்தப் பக்கத்தில் போட்டாய்?

அதற்கப்புறம் ஊருக்கு அந்தப் பழக்கம் பிடித்துப்போய்விட்டது. பாலில் தண்ணீர் கலந்தவன், கலந்ததாக ஒரு தரப்பு சொல்கிறது என்றான். அண்ணனின் வரப்பை வெட்டித் தள்ளிவைத்த தம்பி, தள்ளியது என்பது உன் கருத்து என்றான். மாமியாரை அடித்த மருமகன்கூட நடுநிலை பேசினான். கடைசியில் அது சந்தைக்கும் வந்தது. ஒரு வியாழக்கிழமை, துண்டுக்குள் முட்டியைப் பிடித்து மாட்டை விற்ற ஒருத்தன், மாட்டை அவிழ்க்கும் நேரத்தில் கயிற்றைப் பற்றிக்கொண்டு, "கை கொடுத்தேன்னு நீங்க சொல்றீங்க, நான் மறுக்கறேன்" என்றான். சந்தை அப்படியே நின்றது. ஒரு எருது மட்டும் மூத்திரம் பெய்யும் சத்தம் கேட்டது. காதர் பாய் தோளில் இருந்த துண்டை எடுத்து, உதறி, மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டார். "மாராத்தா, இனி இதுக்குள்ள கைய விட்டு என்னம்மா பிரயோசனம்" என்றார். அவள் வாழ்நாள் முழுக்க நம்பிய ஒரே சட்டம் அந்த இடத்தில், சாணியும் வைக்கோலும் மிதிபட்ட மண்ணில், எல்லோர் கண் முன்னாலும் செத்தது. அது எழுந்து உட்காரவில்லை.

பிறகு நீயே வந்தாய். வேலாங்காட்டூரின் அதிசய மனிதர் என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம், கேமராவோடு அனுப்பியிருந்தார்கள். சந்தை நாள். பட்டறைக்கு அன்று விடுமுறை. மாராத்தாள் புருசனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேப்பமரத்தடியில் மாடுகளுக்கு நடுவே உட்காரவைத்திருந்தாள். மாடுகள் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நின்றன. அவற்றுக்கு எந்தத் தரப்பும் இல்லை.

"இப்படிக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க அக்கா" என்றாய் கேமராவைத் தூக்கி.

"சிரிக்கறது இருக்கட்டும். பாய், அந்தத் துண்டைக் குடுங்க."

காதர் பாய் இடுப்பிலிருந்து துண்டை உருவினார். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மாடு பிடித்திருந்தவர்கள் கயிற்றை நீளம் விட்டு நெருங்கி வந்தார்கள். மாராத்தாள் உன் நீலக்கையை எடுத்து ஓதிச்சாமியின் நீலக்கைக்குள் வைத்தாள். பாய் மேலே துண்டைப் போட்டார். உள்ளே என்ன நடந்தது என்று வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாது, ஆனால் துணி அசைவதைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஓதிச்சாமி உன் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டான், ஒவ்வொன்றாக மடக்கினான். எல்லாவற்றையும் மடக்கி முடித்துவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து உன் கையை முட்டியோடு இறுகப் பிடித்தான். முடிந்தது என்று சொன்னான். நான் முடிந்தவன், என்னை முடித்துவிடு என்று சொன்னான். சந்தை பாஷையில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக் கட்டங்களில் விழுந்தது.

"போன தடவை வாயைத் தொறந்து சொல்லுன்னு கேக்காம விட்டுட்டேன்" என்றாள் மாராத்தாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "இந்தத் தடவை கேக்கறேன். இத்தனை பேரு முன்னால சொல்லு தம்பி. இவன் செத்துட்டானா, இல்லையா?"

நீ வாயைத் திறந்தாய். சந்தை மொத்தமும் உன் வாயைப் பார்த்தது. சட்டைப் பையில் போன் அடித்தது, நீ எடுக்கவில்லை, அதுவரைக்கும் மனுசனாகத்தான் இருந்தாய். பிறகு திறந்த வாயை ஒருமுறை மூடி, "நான் சொல்லக்கூடாதுங்க அக்கா. வேற யாராச்சும் சொல்லட்டும், அப்படியே எழுதிக்கிறேன்" என்றாய்.

"செத்துட்டான்யா!" என்று காதர் பாய் கத்தினார். அறுபது வயசு மனுசன், தொண்டை கிழியக் கத்தினார். "செத்துட்டான்!" என்று மாட்டுக்காரர்கள் கத்தினார்கள். லாரிமேல் நின்றவர்கள் கத்தினார்கள், வைக்கோல் விற்கிற கிழவிகள் கத்தினார்கள், கம்பங்கூழ்க்காரி கரண்டியைப் பானையில் அடித்துக்கொண்டு கத்தினாள். ஓதிச்சாமியின் முகம் மெல்லத் தளர்ந்தது. இமை பாதிவரை இறங்கியது. மாராத்தாள் அவன் தலையை மடியில் வாங்கிக்கொள்ளக் குனிந்தாள்.

நீ போனில் குறித்துக்கொண்டாய். "ஒரு தரப்பினர்" என்று தட்டினாய். இமை மறுபடி திறந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வந்தது. அவர் இறந்துவிட்டதாகச் சந்தை வியாபாரிகள் கருதுவதாகவும், அவர் நிருபரின் கையை உறுதியாகப் பற்றிக் குலுக்கியதை வைத்து நலமாக இருப்பதாக நிர்வாகம் சுட்டிக்காட்டுவதாகவும் குருநாதன் வாசித்தான். வாசித்துவிட்டு முதன்முறையாகப் பேப்பரைக் கசக்கி அடுப்பில் போட்டான். ஆனால் வாசித்தது வாசித்ததுதான்.

பட்டறையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சூப்பர்வைசருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். ஓதிச்சாமிக்குப் பிறகு அந்தத் தொட்டிக்குள் இறங்க எவனும் சம்மதிக்கவில்லை. இவன்தான் இருக்கிறானே. இவனுக்குக் கயிறு வேண்டாம், மேலே ஆள் வேண்டாம், மூச்சே இல்லாதவனுக்கு விஷக்காற்று என்ன செய்யும்? வெள்ளிக்கிழமைதோறும் அவனை இறக்குகிறார்கள். முதல் வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வந்தபோது நீலத்துக்கு மேல் கருப்பு ஏறியிருந்தது. மாராத்தாள் வெந்நீர் வைத்து, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டாள். பேசாத மனுசன் அன்றைக்குப் பேசினான்.

"மாரா, மறுபடியும் செத்தேன்."

அவள் கை நின்றது.

"உள்ள போனதும் நெஞ்சு அடைக்குது. ஏணியத் தேடறேன், கை வழுக்குது. உன்ற பேரச் சொல்லிக் கூப்படறேன். அப்புறம் செத்துப்போறேன். அப்புறம் மேல வந்துடறேன். மொதல்ல செத்த மாதிரியேதான் வலிக்குது. கொஞ்சங்கூடக் கொறையலை."

அவள் பட்டறை வாசலில் போய்ப் படுத்துக் கிடந்து பார்த்தாள்; தூக்கி ஓரமாக வைத்தார்கள். அவனைக் கட்டிலோடு சேர்த்து மாட்டுக்கயிற்றால் கட்டிப் பார்த்தாள். சங்கு ஊதியதும் கட்டிலோடு எழுந்து நடந்தான். ஸ்டேஷனுக்குப் போனாள், செத்ததாக எழுதவா, சாகவில்லை என்று எழுதவா என்று கேட்டார்கள், பேப்பரில் இரண்டும் இருக்கிறதே என்றார்கள். பேரம் பேசிப் பிழைத்தவள், பேரம் பேச எதிரே கை இல்லாமல் நிற்கிறாள். இப்போதெல்லாம் அவள் சந்தைக்கும் போவதில்லை, சண்டைக்கும் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தொட்டிச் சுவருக்கு வெளியே, சாயத்தண்ணி போகிற வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து, உள்ளே அவன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கிறது. ஒவ்வொரு வாரமும் கேட்கிறது.

நீ இப்போது அந்த வழியாக வருவதில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திரிகிறாய் என்று சொல்கிறார்கள், ஏதோ காயம் என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம். எந்தக் காயம்? யார் தரப்புக் காயம்? கைக்குட்டையை அவிழ்த்து உன் விரலைப் பார். அது கருத்தா, செய்தியா? ஒரு பிணத்தின் கையைத் தொட்டால் ஒட்டிக்கொண்ட நிறம் அது. அதை மறுக்க ஒரு தரப்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவா, பார்க்கலாம்.

உன்னை யாரும் பட்டறையை மூடச் சொல்லவில்லை. சூப்பர்வைசரைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. அழச் சொல்லவில்லை, நீ அழுததை மாடுகள்கூடப் பார்த்தாகிவிட்டது. உன்னிடம் கேட்பது ஒரே ஒரு வரி. ஓதிச்சாமி தொட்டிக்குள் செத்துப்போனார், நான் என் கையால் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். கீழே உன் பேரைப் போடு. தெரிவிக்கின்றனர் வேண்டாம், கூறப்படுகிறது வேண்டாம், எவனிடமும் போன் போட்டு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கவும் வேண்டாம். துண்டுக்குள் கை கொடுத்தவன் நீ. இரண்டு தடவை கொடுத்தவன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பேப்பர்க் கட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும், குருநாதன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பிரிப்பான், அதற்குப் பிறகுதான் சங்கு ஊதும். நடுவில் ஒரு டீ ஆற்றுகிற நேரம் இருக்கிறது. அவன் சத்தமாக வாசிப்பான், மூக்கன் குழித்தண்ணியை இறைத்துவைத்துக் காத்திருப்பான், மாராத்தாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்திருப்பாள். அந்தச் சங்குக்கு அவன் எழுந்திருக்கக்கூடாது. எழுது.